கீமோ நாட்களில் கண்ணையும் கவனியுங்கள்

“கண்ணாடி பவர் மாறியிருக்கும்”, “வயசாச்சு, புரை விழுந்திருக்கும்”. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்குப் பார்வை மங்கினால் வீட்டில் சொல்லப்படும் சமாதானங்கள் இவை. முடி கொட்டுவதையும் வாந்தியையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்பவர்கள், கண்ணில் நீர் வடிவதைச் சொல்வதில்லை. சிகிச்சை மருந்தே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

மருந்துகளால் வருபவை

டோசிடாக்செல் மருந்து, கண்ணீர் மூக்குக்குள் வடியும் நுண்குழாயைச் சுருக்கக்கூடும். வடிய வழியில்லாமல் கண்ணீர் கன்னத்தில் வழியும். ஆரம்பத்திலேயே தெரிந்தால், மெல்லிய சிலிகோன் குழாய் வைத்து அடைப்பைத் தடுக்க முடியும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் டமாக்சிஃபென், அரிதாக விழித்திரையில் படிவுகளை உண்டாக்கும். இம்யூனோதெரபியால் கண்ணின் உட்பகுதியில் அழற்சி வரலாம். இமை தொங்கி, உருவம் இரண்டாகத் தெரியலாம்.

ஸ்டீராய்டும் சர்க்கரையும்

கீமோவுடன் தரப்படும் டெக்சாமெதசோன் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அப்போது விழிலென்ஸின் நீர்ச்சத்து மாறிப் பார்வை தற்காலிகமாக மங்கும். அந்தச் சமயத்தில் புதுக் கண்ணாடி வாங்கினால், சர்க்கரை இறங்கியதும் அது பொருந்தாமல் போகும். ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுத்தால் கண்புரையும் கண் நீர் அழுத்த நோயும் வரக்கூடும்.

‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைத்த பிறகு

தலை, முகப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களின் கண்ணில் கதிர் பட்டிருந்தால், புரையோ விழித்திரைப் பாதிப்போ சில மாதங்கள், ஏன், சில ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டலாம். சிகிச்சை முடிந்தாலும் கண் பரிசோதனையைத் தொடர வேண்டும்.

நோயே காரணமானால்

மார்பக, நுரையீரல் புற்றுநோய் சிலருக்கு விழித்திரைக்குப் பின்னுள்ள படலத்துக்குப் பரவும். மூளைக் கட்டி இருந்தால் பார்வையின் ஒரு பக்கம் மறையலாம். ரத்தப் புற்றுநோயில் தட்டணுக்கள் குறையும்போது விழித்திரையில் ரத்தம் கசியலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஒரு கண்ணில் கோளாறு வந்தால் மறு கண் ஈடுகட்டிவிடும், நமக்குத் தெரியாது. அதனால் வாரம் ஒருமுறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம் அச்சிட்ட சிறிய எழுத்தைப் படியுங்கள். பிறகு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். நேரான கம்பி வளைந்தோ நடுவில் அறுந்தோ தெரிகிறதா? மறு கண்ணுக்கும் இதையே செய்யுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு

திடீர்ப் பார்வையிழப்பு, திரை விழுந்தது போன்ற மறைப்பு, மின்னல் போன்ற ஒளி, இரட்டைப் பார்வை, வலியுடன் சிவந்த கண், நெற்றியிலோ இமையிலோ கொப்புளம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது கிருமித் தொற்று பார்வையையே பறித்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம்.

கண் டாக்டரிடம் போகும்போது கீமோ ஃபைலை எடுத்துச் செல்லுங்கள். அவர் சொன்னதைப் புற்றுநோய் மருத்துவரிடமும் தெரிவியுங்கள். கண்ணுக்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா, சொட்டு மருந்தோடு தொடர்வதா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.