பலகைக்கு முன் பாதம்

ஆல்ப்ஸ் மலையூர்களில் குளிர்காலம் தொடங்கியதும் பனிச்சறுக்கு உபகரணக் கடைகளுக்குள் நுழைகிறவர்களில், இரண்டு மூன்று பருவங்கள் வாடகைப் பொருள்களைக் கொண்டு பழகி, நீலக் குறியிட்ட எளிய சரிவுகளில் அச்சமின்றியும் சிவப்புக் குறியிட்ட சரிவுகளில் சற்றே தயக்கத்துடனும் இறங்கக் கற்றுக்கொண்டுவிட்ட மத்திம நிலையினர், முதற் பார்வையைச் செலுத்துவது சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருக்கும் வர்ணப் பலகைகளின் மீதுதான். கண்ணைக் கவர்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள் கண்ணைக் கவர்வதில் வியப்பில்லை. ஆயினும் அவர் தமது நேரத்தையும் பணத்தையும் முதலில் செலவிட வேண்டிய இடம், கடையின் மறுகோடியில் பூட்ஸ் போட்டுப் பார்ப்பதற்காகக் கிடக்கும் பெஞ்சுதான் என்பது என் கட்சி.

காரணம் சாதாரண இயந்திர சாஸ்திரத்தில் இருக்கிறது. திரும்ப வேண்டுமென்று சறுக்குபவர் கொள்ளும் எண்ணம் முழங்காலுக்கும் முன்னங்காலுக்கும் இறங்கி, பூட்ஸின் வழியாகவும் அதைக் கவ்விப் பிடித்திருக்கும் பைண்டிங்கின் வழியாகவும் பலகையின் எஃகு விளிம்பைச் சென்றடைய வேண்டியிருக்கிறது. பூட்ஸின் கழுத்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உயரத்தில் காலைப் பற்றுகிறது என்று கொண்டால், அவ்விடத்தில் 1 சென்டிமீட்டர் தளர்ச்சி இருந்தாலே, கால் சுமார் 2 பாகை சாய்ந்த பிறகுதான் பலகைக்குச் செய்தி எட்டும் என்பதைப் பள்ளிக்கூடத்துத் திரிகோண கணிதமே காட்டிவிடும். காம்பு ஆடும் மண்வெட்டியால் வரப்பு வெட்டுகிறவனுக்கு நேரும் சிரமம் இதுவே. பலகை எத்தனை விலையுயர்ந்ததாயினும் அந்த ஆட்டத்தை அது ஈடுசெய்ய இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டோன் கிராமத்தில் ஹான்னஸ் ஷ்னைடர் பனிச்சறுக்கைக் கற்பித்த காலத்தில், மாணாக்கர் அணிந்தவை கயிறு கட்டிய தோல் பூட்ஸ்கள். தோல் நனைந்தும் நெகிழ்ந்தும் பாதத்தின் வடிவை நாளடைவில் தானே ஏற்றுக்கொண்டுவிடும். ஆனால் அதே நெகிழ்ச்சியினால் விளிம்பின் பிடியை இழந்துவிடும். 1960களில் பாப் லாங்கே என்ற அமெரிக்கர் பிளாஸ்டிக் ஓட்டாலான பூட்ஸைக் கொண்டுவந்தபோது, பந்தய வீரர்கள் அதன் உறுதியைக் கண்டு விரைவில் அதன் பக்கம் சாய்ந்தனர். எனினும் பிளாஸ்டிக்குக்குப் பாதத்தை அனுசரித்துப் போகும் சுபாவம் இல்லையாதலால், ஓட்டைச் சூடாக்கியும் அழுத்தியும் ஆளுக்கு ஆள் திருத்திக் கொடுக்கிற பூட்ஸ் நிபுணர் என்னும் தொழிலாளி இன்றியமையாதவரானார். இடுக்கமான ஓட்டை அவர் ஓரிரு இடங்களில் பிதுக்கி விரிவாக்க முடியும். பெரிய ஓட்டைச் சிறிதாக்கும் வித்தை அவரிடமும் இல்லை.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலோர் வழி தவறுகிறார்கள். ஸ்கீ பூட்ஸ்களுக்கு வழங்கும் மாண்டோபாயிண்ட் என்னும் முறை பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்வதாகையால், நின்ற நிலையில் 265 மில்லிமீட்டர் நீளமுள்ள பாதத்துக்கு உரியது 26.5 என்ற எண்; தெருவில் அணியும் செருப்பின் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு கேட்பவர், அநேகமாக ஓரளவோ ஈரளவோ பெரிய பூட்ஸைத்தான் வாங்கி வருவார். பெரும்பாலான உற்பத்தியாளர்கள் 26, 26.5 இரண்டுக்கும் ஒரே ஓட்டையே பயன்படுத்துவதால், அந்த அரை எண்ணை எண்ணி மனத்தைக் குழப்பிக்கொள்வது வீண். பயனுள்ள பரீட்சை வேறொன்று உண்டு: உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெற்று ஓட்டுக்குள் பாதத்தை வைத்து, விரல்நுனிகள் முன்சுவரை இலேசாகத் தொடும்படி நின்றால், குதிகாலுக்கும் பின்சுவருக்கும் இடையே ஒரு விரல் முதல் இரண்டு விரல் வரை, அதாவது சுமார் 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை, இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டது சௌகரியமாகத் தோன்றினும் தீங்கு. 1 சென்டிமீட்டருக்குக் குறைந்தது பந்தய வீரர்களுக்கே உரியது.

உள்ளுறையுடன் அணிந்து நிமிர்ந்து நிற்கையில் விரல்கள் முன்னே முட்டுவதைக் கண்டு பலர் பதறி அடுத்த அளவைக் கேட்கிறார்கள். கொக்கிகளைப் பூட்டி, முழங்காலை மடக்கி, முன்னங்காலைப் பூட்ஸின் நாக்கின் மேல் சாய்த்தால் குதிகால் தன் குழியில் பின்வாங்கி அமர்ந்து, விரல்கள் முன்சுவரிலிருந்து விலகிக்கொள்ளும். சறுக்கும்போது நிற்கும் நிலையும் அதுவே. மேலும் புதிய உள்ளுறையின் நுரைப்பொருள் சில நாட்களின் உபயோகத்தில் அமுங்கிவிடுவதால், கடையில் மெத்தென்று இதமளித்த பூட்ஸ் பருவத்தின் நடுவே தொளதொளவென்று ஆகியிருக்கும். அப்போது அந்த மனிதர் கொக்கிகளைப் பலங்கொண்டமட்டும் இறுக்குவார். பாதத்தின் மேற்புறத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் தமனி நசுங்கி, ரத்த ஓட்டம் குன்றி, விரல்கள் மரத்துக் குளிரும். குளிருக்கென்று இரட்டைக் காலுறை அணிவார், அது நசுக்கலை மேலும் வளர்க்கும். சரியான பூட்ஸுக்கு மெல்லிய காலுறை ஒன்றே போதும்.

நீளத்தோடு அகலமும் உண்டு. பாதத்தின் அகன்ற பகுதிக்கு நேரே ஓட்டின் உள்ளளவு 98 மில்லிமீட்டர் என்றால் ஒடுங்கியது, 100 என்றால் நடுத்தரம், 102ம் அதற்கு மேலும் அகன்றது என்பது பொதுவான வழக்கு. ஃப்ளெக்ஸ் எனப்படும் விறைப்பெண்ணைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை: சராசரி எடையுள்ள மத்திம நிலை ஆணுக்கு 90 முதல் 110 வரையும், பெண்ணுக்கு 70 முதல் 90 வரையும் என்று தோராயமாகக் கொள்ளலாமேயன்றி, இந்த எண்ணுக்குக் கம்பெனிகளுக்கிடையே பொதுவான அளவுகோல் ஏதுமில்லை, போதாக்குறைக்கு, கடையின் கதகதப்பில் எளிதாக வளைந்த பிளாஸ்டிக் மலைக்குளிரில் விறைத்தும் போகும்.

பலகைக்கு வருவோம். அதன் இடை முனைகளைவிடக் குறுகியிருப்பது அழகுக்காக அன்று. நார்வேயின் டெலிமார்க் பிரதேசத்தில் சோன்ட்ரே நூர்ஹைம் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கையாண்ட அந்த யுக்தியை, 1990களின் தொடக்கத்தில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனத்தார் துணிந்து ஆழப்படுத்தியதிலிருந்து இன்றைய பலகைகள் பிறந்தன. முன்முனை 125, இடை 75, பின்முனை 107 மில்லிமீட்டராகவும் பனியைத் தொடும் நீளம் ஒன்றரை மீட்டராகவும் உள்ள பலகையின் பக்கவளைவைக் கணக்கிட்டால், அது சுமார் 14 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டாக அமையும். கெட்டியான பனியில் பலகையை 60 பாகை சாய்க்க வல்லவருக்கு அந்த ஆரம் ஏறத்தாழ பாதியாகி 7 மீட்டராகும். மத்திம நிலையினர் அவ்வளவு சாய்ப்பதில்லையாகையால், 13 முதல் 16 மீட்டர் வரை ஆரம் குறித்த பலகை அவருக்குத் தோதானது. இரண்டு மீட்டர் நீளப் பலகையே ஆண்மைக்கு லட்சணம் என்றிருந்த காலம் இந்த வளைவோடு ஒழிந்தது. இப்போது மோவாய்க்கும் புருவத்துக்கும் இடைப்பட்ட உயரமே போதுமானது. ஆனால் பலகையை வில்லாக வளைப்பது உயரமன்று, எடை. ஆதலின் மெலிந்த சரீரத்தார் விறைத்த பலகையை வாங்கினால், அது வளையாமல் நேரே இழுத்துக்கொண்டு போகும்.

இடையின் அகலத்தைப் பனிதான் தீர்மானிக்கிறது. இயந்திரத்தால் வாரிச் சமனிட்ட ஆல்ப்ஸ் பாதைகளுக்கு 70 முதல் 85 மில்லிமீட்டர் வரை தகும். அதற்கு மேல் அகன்றால் விளிம்பு பாதத்தின் மையத்திலிருந்து விலகி, சாய்ப்பதற்கு முழங்கால் கூடுதலாக உழைக்க வேண்டும். நம் நாட்டுக் குல்மார்கிலோ, 4,000 மீட்டரை நெருங்கும் உயரத்துக்கு ஏறும் கம்பிவட ஊர்தியிலிருந்து இறங்கினால், வாரப்படாத ஆழ்ந்த தூள்பனி காத்திருக்கும்; அங்கே அமிழாமல் மிதப்பதற்கு 100 மில்லிமீட்டர் அளவிலான இடை வேண்டும். ஆகவே இரண்டு இடங்களுக்கும் செல்ல நினைப்பவர் பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு, பலகையை அந்தந்த இடத்தில் வாடகைக்கு எடுப்பதே விவேகம்.

எஞ்சியது பைண்டிங். கீழே விழுகையில் எலும்பு முறியுமுன் பூட்ஸை விடுவிக்க வேண்டிய அக்கருவியின் எண்ணை, எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறமை ஆகியவற்றைக் கொண்டு தேர்ந்த தொழிலாளி அட்டவணைப்படி நிர்ணயிக்கிறார். எடையைக் குறைத்துச் சொன்னால் பைண்டிங் வேளையல்லாத வேளையில் கழன்றுகொள்ளும். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய வேளையில் கழலாது. எனவே அவர் கேட்கும்போது, உடன் வந்திருப்பவர் யாராயிருப்பினும், உண்மையான எடையையும் உண்மையான திறமையையும் கூசாமல் சொல்லிவிடுங்கள்.