நான்கே ஆண்டில் தேயும் பாதுகாப்பு

கக்குவான் இருமல் வந்த பிள்ளை மூச்சு விட முடியாமல் அடுக்கடுக்காக இருமும். கடைசியில் 'ஹூப்' என்று காற்றை உள்ளே இழுக்கும். பல நேரம் வாந்தியும் எடுக்கும். இரண்டு மாதக் கைக்குழந்தையோ சில சமயம் இருமுவதே இல்லை. மூச்சு நின்று உடம்பு நீலம் பாரித்துவிடும். 2010-இல் கலிபோர்னியாவில் இந்த நோய் 9,000 பேருக்கு மேல் பரவியபோது 10 கைக்குழந்தைகள் இறந்தன.

2014-இல் அது அங்கே மறுபடியும் பரவியது. இம்முறை வளரிளம் பருவத்தினர் பலருக்கு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் 11, 12 வயதில் 'டிடாப்' பூஸ்டர் போட்டவர்கள்! ரணஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகிய மூன்றையும் தடுப்பதற்கான ஊசி அது. கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தில் நிக்கோலா க்ளைன் குழுவினர் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை யோசிக்க வைத்தது. பூஸ்டர் போட்ட முதல் ஆண்டில் கக்குவானுக்கு எதிராக ஏறத்தாழ 69 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அது வெறும் 9 சதவீதம்.

ஏன் இப்படி? பழைய கக்குவான் தடுப்பூசியில் கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவும் இருந்தது. காய்ச்சலும் வீக்கமும் அதிகம் என்பதால் 1990-களில் அமெரிக்கா அதைக் கைவிட்டு, பாக்டீரியாவின் சில புரதங்களை மட்டும் கொண்ட ஊசிக்கு மாறியது. தொல்லை குறைந்தது, எதிர்ப்பாற்றலின் ஆயுளும் குறைந்தது. பபூன் குரங்குகளில் நடந்த சோதனை இன்னொன்றையும் காட்டியது: புரத ஊசி போட்ட குரங்கு நோயில் படுக்கவில்லை, ஆனால் கிருமியைச் சுமந்து மற்ற குரங்குகளுக்குக் கொடுத்தது.

அப்படியானால் பூஸ்டர் வீணா? இல்லவே இல்லை. ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டிலும் ஆளைக் கொல்வது கிருமி கக்கும் நச்சு. அதை முறிக்கும் எதிர்ப்பொருள் பூஸ்டருக்குப் பின் பல ஆண்டுகள் ரத்தத்தில் நிற்கிறது. ஆனால் கக்குவானில் அண்ணன், அக்காவுக்குப் போட்ட ஊசியை நம்பிக் கைக்குழந்தையை விட்டுவிட முடியாது. அதற்குச் சரியான வழி, கர்ப்பிணிக்கு 27 முதல் 36 வாரத்துக்குள் டிடாப் போடுவது. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குச் சேர்ந்துவிடும். 2012 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு கர்ப்பத்திலும் இதைப் பரிந்துரைக்கிறார்கள்.

இந்தியாவில் நம் அரசுத் திட்டத்தில் கைக்குழந்தைகளுக்குப் போடுவது இன்றும் முழு பாக்டீரியா ஊசிதான். தனியாரில் 'பெயின்லெஸ்' என்று கேட்டுப் போடுவது புரத ஊசி. 10, 16 வயதில் அரசு தரும் 'டிடி' ஊசியில் கக்குவானுக்கு மருந்து கிடையாது. ஆனால் தொண்டை அடைப்பானைத் தடுக்க அது கட்டாயம் வேண்டும். பள்ளிக்கு ஊசி போட வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். பெயின்லெஸ் போட்ட பிள்ளைக்கு 10 வயதானால், டிடாப் பற்றிக் குழந்தைநல மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.