ராஜா ‘நம்ம ஆளா?’

நம் ஊர்க் காதுகுத்தும் கல்யாணமும் இளையராஜா பாட்டில்லாமல் நடப்பதில்லை. எங்கள் தெருக்களில் ‘நம்ம ராஜா’ என்ற பெருமிதமும் சேர்ந்தே ஒலிக்கும்.

ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடியவர். அதனால் அவர் இடதுசாரி, அம்பேத்கரியர் என்று ரசிகர்களே முடிவுகட்டினார்கள். அவரோ ரமணரின் பக்தர். 2022 ஏப்ரலில் ஒரு நூலின் முன்னுரையில் அம்பேத்கரோடு மோடியை ஒப்பிட்டார். ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். பலர் கொதித்தார்கள், சிலர் சாதியை இழுத்தே ஏசினார்கள்.

அந்த ஒப்பீட்டை நானும் ஏற்கவில்லை. ஆனால் கருத்தை மறுப்பது வேறு, இந்தப் பிறப்புக்கு இந்தக் கொள்கைதான் என்று விதிப்பது வேறு. பிறப்பை வைத்துத் தொழிலை விதித்தவர்களோடுதானே நமக்குச் சண்டை? மற்ற சாதிக் கலைஞர்களிடம் இந்தக் கணக்கை யார் கேட்கிறார்கள்?

அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அம்பேத்கர். நமக்காக ஒரு நட்சத்திரம் பேசட்டும் என்று காத்திருப்பதும் அந்தப் பக்திதான். 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதும் புகார் கொடுத்தது அந்தத் தெரு மக்கள்தான்.

மாணவர்களே, பாட்டை ராஜாவிடம் கேளுங்கள். அரசியலை அம்பேத்கரைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.