மிச்ச நூலில் அம்மாவுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர்



எங்கள் நீலகிரியில் ஸ்வெட்டர் இல்லாத வீடு கிடையாது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, என் அம்மா போன வருடம் "எனக்கு ஸ்வெட்டரே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அம்மாவுக்கு இடது கை தோளுக்கு மேல் எழும்பாது. தலை வழியாக மாட்டும் ஸ்வெட்டரைப் போடுவதற்குள் வலியில் கண் கலங்கிவிடும். முன்பக்கம் பட்டன் வைத்தது வாங்கினோம். அதுவோ அரைக் கிலோவுக்கு மேல் கனம். "தோள்ல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்குடி" என்று கழற்றிவிட்டார். பழைய சால்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருப்பார். சால்வை நழுவி, அதன் முனை காஸ் அடுப்புப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பத்தாவது வரை படித்தபோது தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த பின்னல் கையில் இருக்கிறதே, நாமே பின்னிவிடலாம் என்று முடிவு செய்தேன். புது நூல் வாங்கப் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. சீசன் முடிந்ததும் உதிரி உல்லன் நூலை எடைபோட்டு மலிவாகத் தருவார்கள். அரைக் கிலோ வாங்கி வந்தேன். "இந்தக் குப்பையைக் காசு குடுத்தா வாங்கினே?" என்றார் என் வீட்டுக்காரர்.

மலிவு நூலில் லேபிள் இருக்காது. எது கம்பளி, எது ஆக்ரிலிக் என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு உருண்டையிலும் விரல் நீளத் துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். (பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், குழந்தைகள் வேண்டாம்.) கம்பளியானால் முடி பொசுங்கும் வாடை வரும். தீக்குச்சியை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். ஆக்ரிலிக் உருகி எரிந்து, ஆறியதும் கெட்டி மணிபோல் நிற்கும். கம்பளியும் நெருப்பில் எரியக்கூடியதுதான், ஆனால் சட்டென்று பற்றாது. ஆக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புப் பக்கம் உட்காரும் பெரியவர்களுக்கு எதைப் போடுவது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்!

இப்படிப் பிரித்ததில், ஒரே கனமுள்ள கம்பளி நூல் சாம்பல் கலரிலும் மெரூன் கலரிலுமாக 260 கிராம் தேறியது. பூச்சி அரித்திருக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தேன். சுருக்கமெல்லாம் போய்விட்டது.

இத்தனை குறைந்த நூலில் ஸ்வெட்டர் வருமா? அங்கேதான் லேஸ் பின்னல் கை கொடுத்தது. மெல்லிய நூலும் கொஞ்சம் தடித்த ஊசியும் சேர்ந்தால் துணி இலேசாகப் பரவி வரும். நான் எடுத்தது 8-ம் நம்பர் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர். (நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், மறந்துவிடாதீர்கள்.) டிசைன், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுப் பெண்களின் பழைய அலைப் பின்னல். 18 கண்ணி, 4 வரிசைதான்.

முதல் வரிசை முழுக்க நிட். இரண்டாவது முழுக்க பர்ல். மூன்றாவதில், இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து நிட், மூன்று தடவை. அடுத்து, ஊசியில் நூலை ஒரு சுற்றுப் போட்டு ஒரு நிட், ஆறு தடவை. மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று தடவை. நான்காவது முழுக்க நிட். குறைவது ஆறு, கூடுவது ஆறு. கணக்கு 18 என்றே நிற்கும். நான்கு வரிசைக்கு ஒரு கலர் மாற்றினால் அலை அலையாக அழகாக வரும்.

முதலில் 36 கண்ணி போட்டு மாதிரி பின்னி, நனைத்துக் காயவைத்து அளந்தேன். 7 அங்குலம் வந்தது. அம்மாவுக்குத் தளர்வாக 38 அங்குலம் வேண்டும். ஆக 11 டிசைனுக்கு 198 கண்ணி, பட்டன் பட்டிக்கு இரண்டு பக்கமும் 6, மொத்தம் 210. நீள வட்ட ஊசியில் முன்னும் பின்னும் திருப்பிப் பின்னினால் பக்கத் தையலே வேண்டாம்.

நூல் பத்துமா என்ற பயம் போக ஒரு வழி, கைகளை முதலில் பின்னிவிடுவது. முழங்கைக்குக் கீழே சற்று நீண்ட முக்கால் கை, 72 கண்ணி. தொங்கி அடுப்பில் படாது. ஒரு கையை மளிகைக் கடைத் தராசில் போட்டேன், 38 கிராம். இரண்டுக்கும் 76. மீதி 184 கிராமும் உடம்புக்கு! கைக்குழிக்கு மேலே லேஸ் போடாமல் சாதாரணப் பின்னலாகவே விட்டேன். கனத்தைத் தாங்குவது தோள்தானே, இழுத்துக்கொண்டு போகக்கூடாது. பட்டன் தைக்குமுன் நிறுத்தால் மொத்தமே 230 கிராம்!

கம்பளியைத் துவைத்தால் முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, பாயில் விரித்து, அளவுக்கு இழுத்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டு போகும்.

"ஏன்டி, ஓட்டை ஓட்டையா இருக்கே, குளிர் உள்ள வராதா?" என்று அம்மா முதலில் சிரித்தார். உள்ளே கெட்டியான பருத்தி ரவிக்கை போட்டு மேலே இதை மாட்டிவிட்டேன். நூலிழைக்குள் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கும் என்று புரியவைத்தேன். மாட்டும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். பெரிய பட்டனாக வைத்ததால் வலது கையாலேயே அம்மா போட்டுக்கொள்கிறார். சால்வையை மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. இப்போது காலையில் அடுப்பங்கரையை விட்டு, வாசல் வெயிலில் வந்து உட்காருகிறார்.

கனமான ஸ்வெட்டரைத் தாங்க முடியாத பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அலமாரி மூலையில் கிடக்கும் நூலைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, ஊட்டி.