உங்களுக்குத் தெரியுமா? சொல்லே இல்லாத பாட்டு, சம்பளம் 30 பவுண்டு!

புராக்ரசிவ் ராக் இசையில் இன்றும் சிலாகிக்கப்படும் ஒரு குரல், அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடப் பாடவில்லை.

பிங்க் ஃபிளாய்டு இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) இசைத்தட்டில் வரும் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் உச்சத்துக்கு ஏறிக் கதறுபவர் கிளேர் டாரி. குழு உறுப்பினர் அல்ல. ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பரிந்துரைத்த ஸ்டுடியோ பாடகி.

• பதிவு நடந்தது லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில். கூலி 30 பவுண்டு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டிப்பாகக் கிடைத்தது!

• தன் குரல் இடம்பெற்ற செய்தியே கடையில் இசைத்தட்டின் உறையைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

• இசையமைப்பில் தனக்கும் பங்குண்டு என்று 2004இல் டாரி வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசம். குழுவின் ரிச்சர்ட் ரைட்டுடன் அவர் பெயரும் இசையமைப்பில் சேர்ந்தது.