புது ரவுட்டர் வாங்கினால் இணைய வேகம் கூடுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறோம். செல்போனில் 30தான் காட்டுகிறது. ரவுட்டரை மாற்றினால் சரியாகுமா?

கடைக்குப் போகும் முன் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். 90க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, குறை வைஃபையில். கேபிளிலும் 30தான் வருகிறது என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே கதை என்றால் இணைப்பு கொடுத்தவரிடம் புகார் செய்யுங்கள். லைனில் வராத வேகத்தை எவ்வளவு விலையுள்ள ரவுட்டராலும் தர முடியாது.

வைஃபையில்தான் குறை என்றால் செல்போன் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி தூரம் போகும். ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே இடத்தில்தான் நெரிகின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் அதில் 30, 40 வருவது சாதாரணம். 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அதே ரவுட்டரிலேயே முழு வேகம் கிடைக்கக்கூடும். பழைய ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் இல்லவே இல்லை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

பெட்டியில் 1200 எம்பிபிஎஸ் என்று போட்டிருக்கிறதே?

ஏசி1200 என்ற வகையில் 2.4இல் 300, 5இல் 867 என்ற உச்ச அளவுகளைக் கூட்டி, சற்று உயர்த்தி எழுதிய எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும்.

பெட்டியில் முதலில் படிக்க வேண்டியது போர்ட் பற்றிய வரியை. ‘10/100’ என்று மட்டும் இருந்தால் இணையம் உள்ளே வரும் வழியே 100 எம்பிபிஎஸ்தான். 200 அல்லது 300 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவர் அதை வாங்கினால் வேகம் 94, 95லேயே நின்றுவிடும். வைஃபை எண்ணைப் பெரிதாக அச்சிட்டுவிட்டு இதைப் பொடி எழுத்தில் போடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். ‘10/100/1000’ அல்லது ‘ஜிகாபிட்’ என்று இருக்க வேண்டும். இணையம் உள்ளே வரும் வேன் போர்ட்டுக்கும் அது பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேபிளையும் கவனியுங்கள். ஜிகாபிட் ஓட உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100க்கு நான்கே போதும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடலாம். கேபிள் நுனியில் உள்ள கண்ணாடி பிளக்கில் எட்டு நிறங்களும் தெரிகின்றனவா என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆன்டெனா அதிகமாக இருந்தால் நல்லதா?

எண்ணிக்கையைப் பார்த்து வாங்க வேண்டாம்.

வைஃபை 6 போதுமா, 7 வாங்கலாமா?

வைஃபை 6க்கான சான்றளிப்பு 2019இலும் 7க்கானது 2024இலும் தொடங்கியது. டிவி, கேமரா, நாலைந்து போன் என ஒரே நேரத்தில் பல கருவிகள் ஓடும் வீட்டுக்கு 6 நன்றாக ஈடுகொடுக்கும். 300 எம்பிபிஎஸ் வரையிலான பிளானுக்கு 7இல் கூடுதல் பணம் போடுவது வீண் என்பதே என் கருத்து. உங்கள் போனிலும் அந்த வசதி இருந்தால்தான் பலன்.

ஃபைபர் வயரைப் புது ரவுட்டரில் செருகலாமா?

முடியாது. கடையில் கிடைக்கும் சாதாரண ரவுட்டரில் அதற்கு இடமே இருக்காது. நிறுவனம் கொடுத்த ஓஎன்டி பெட்டி ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. அதைக் கழற்றக் கூடாது. அதிலிருந்து லேன் கேபிள் எடுத்துப் புது ரவுட்டரின் வேன் போர்ட்டில் செருகிவிட்டு, ஓஎன்டி பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அந்தப் பெட்டி ரவுட்டர் வேலை செய்யாதபடி பிரிட்ஜ் மோடில் போட்டுத் தர நிறுவனத்திடம் சொன்னால் இன்னும் நல்லது.

மாடியில் சிக்னலே இல்லை.

கான்கிரீட் தளத்தைத் தாண்ட 5 ஜிகாஹெர்ட்ஸ் திணறும். ரவுட்டரை டிவி ஸ்டாண்டுக்கு அடியிலும் இரும்பு பீரோவுக்குப் பின்னாலும் வைக்காமல், வீட்டின் நடுவில் தோள் உயரத்தில் வையுங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டரோ மெஷ் கருவியோ வைப்பதே நிரந்தரத் தீர்வு. மலிவான ரிப்பீட்டர் பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

பழைய ரவுட்டர் வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?

தயாரித்த நிறுவனம் மென்பொருள் புதுப்பிப்பை நிறுத்திவிட்டால் மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும். புதிது வாங்கினால் இயக்கும் அன்றைக்கே, வைஃபை பாஸ்வேர்டோடு ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மறக்காமல் மாற்றுங்கள்.