காசோலையை மாற்ற முடியாத வீரன்

சுவரில் ஏறத் தெரிந்த ஓர் இளைஞன், முகமூடியும் வலைக்கோடு போட்ட உடையுமாக வங்கிக்குள் நுழைந்து ஒரு காசோலையை நீட்டுகிறான். காசோலையில் எழுதியிருக்கும் பெயர் ஸ்பைடர்மேன். அந்தப் பெயருக்கு அடையாளச் சான்று ஏதாவது இருக்கிறதா என்று காசாளர் கேட்கிறார். முகமூடியைக் கழற்றினால் ரகசியம் போய்விடும், கழற்றாவிட்டால் பணம் வராது. வெறுங்கையோடு திரும்புகிறான். வீட்டில் வாடகை பாக்கி. அவனை வளர்த்த பெரியம்மா மே, அவனுக்குத் தெரியாமல் தன் நகைகளை அடகுக் கடைக்கு எடுத்துப் போகிறார். 1963 மார்ச் தேதியிட்டு வெளியான ஸ்பைடர்மேன் தனித்தொடரின் முதல் இதழில் இவ்வளவும் இருக்கிறது. ஆளைத் தூக்கி எறியும் பலமும், வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே உணரும் புலனும் ஒரு குடும்பத்தின் வாடகையைக் கட்ட உதவவில்லை.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிப்பவர்கள் மீது வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, அவர்கள் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஓடி ஒளிகிறார்கள் என்பது. பறக்கிறவனையும் இடியை ஏவுகிறவனையும் படித்துவிட்டு, பேருந்துக்கும் சம்பளத்துக்கும் காத்திருக்கும் வாழ்க்கையை எப்படி எதிர்கொள்வது என்று குறைசொல்பவர்கள் கேட்கிறார்கள். இந்த வகைக் கதைகளில் நிலைத்து நின்றவற்றை எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நாயகனின் சக்தியைவிட அந்தச் சக்தி எங்கே நின்றுபோகிறது என்பதுதான் வாசகரைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறது. அது நின்றுபோகும் இடமெல்லாம் வீடு, கடன், நோய், குற்ற உணர்வு என்று நாம் அனைவரும் நிற்கும் இடமாகவே இருக்கிறது.

எழுத்தாளர் ஸ்டான் லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் உருவாக்கிய ஸ்பைடர்மேன், முகமூடிக்குப் பின்னால் பீட்டர் பார்க்கர் என்ற, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வசிக்கும் பள்ளி மாணவன். தன்னைக் கடந்து ஓடிய திருடனைப் பிடிக்கலாம். தன் வேலையில்லை என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு அவனுடைய பெரியப்பா பென்னைக் கொன்றுவிடுகிறான். சக்தியையும் பொறுப்பையும் சேர்த்துச் சொல்லும் புகழ்பெற்ற வாசகத்தைப் பென் சொன்னதாகவே பலர் நினைக்கிறார்கள். அந்த முதல் கதையில் அது யார் வாயிலிருந்தும் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் வரியாக வருகிறது. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த பாடமாக இருந்திருந்தால் அது அறிவுரை. எல்லாம் கைமீறிப் போன பிறகு பையன் தனியாக நடந்து போகும்போது வருவதால் அது அனுபவமாகிவிடுகிறது.

டிட்கோவின் உச்சம் என்று நான் சொல்வது 1966 பிப்ரவரி தேதியிட்ட 33-ஆவது இதழை. பல டன் எடையுள்ள இயந்திரத்தின் அடியில் ஸ்பைடர்மேன் நசுங்கிக் கிடக்கிறான். மேலே கூரையிலிருந்து தண்ணீர் கசிகிறது. கைக்கு எட்டாத தூரத்தில், சாகக் கிடக்கும் பெரியம்மாவுக்கான மருந்து. உலகம் அழியப் போவதில்லை. ஒரு மூதாட்டிக்கு மருந்து போய்ச் சேர வேண்டும், அவ்வளவே. எதிரியே இல்லாத அந்தப் பக்கங்களில் ஒருவன் தோற்றுத் தோற்று மறுபடி முயல்வதை மட்டும் டிட்கோ வரைகிறார். அவன் எழ எழக் கட்டங்களும் பெரிதாகிக்கொண்டே போய், இயந்திரம் தூக்கப்படும் தருணம் ஒரு முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறது. மருத்துவமனை வராந்தாவில் இரவு முழுக்க நின்ற எவருக்கும் இந்தப் பக்கங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இதே உண்மையைத் தமிழ் வாசகர்கள் வேறொரு வழியில் அறிவார்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. மூலக்கதை ஸ்பைடர்மேன் பிறந்த அதே 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் அவர் உடல் மறைந்துவிடும். ஆனால் இரும்புக் கை மட்டும் மறையாது. மறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் தேடிப் போக வேண்டும், மறைந்தாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் குறைதான் கதையை நகர்த்தியது. முழுதாக மறைந்துவிடக்கூடிய ஒருவரைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

மறுப்புகளும் உண்டு, அவை எளிதில் தள்ளிவிடக் கூடியவை அல்ல. காமிக்ஸ் சிறுவர்களைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் 1954-இல் நூல் எழுதினார். நியூயார்க்கின் ஹார்லெமில் ஏழைக் கறுப்பினக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த அவருடைய அக்கறையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அவருடைய ஆவணங்களை ஆராய்ந்த கேரல் டில்லி 2012-இல் வெளியிட்ட கட்டுரை, சிறுவர்கள் சொன்னவற்றை அவர் பல இடங்களில் மாற்றியும் சேர்த்தும் எழுதியிருப்பதைக் காட்டியது. அதற்குள் காரியம் நடந்துவிட்டிருந்தது. அமெரிக்க செனட் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் அஞ்சி 1954-இலேயே தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டார்கள். 1971-இல், போதைப் பழக்கத்தின் தீமையைக் காட்டும் கதை எழுதும்படி அமெரிக்க அரசுத் துறை ஒன்றே ஸ்டான் லீயைக் கேட்டது. போதைப்பொருளைக் காட்டவே கூடாது என்று அந்த விதிகளைச் செயல்படுத்திய தணிக்கை அமைப்பு ஒப்புதல் முத்திரை தர மறுத்தது. மார்வெல் பதிப்பகம் அந்த முத்திரை இல்லாமலே ஸ்பைடர்மேனின் மூன்று இதழ்களை வெளியிட்டது. சிறுவர்களைக் காக்க வந்த விதி, சிறுவர்களுக்கான எச்சரிக்கையையே தடுத்தது.

இன்னும் கூர்மையான மறுப்பு இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோவுடையது. சூப்பர்மேன் பற்றி 1962-இல் எழுதிய கட்டுரையில், உலகையே மாற்றக்கூடிய ஒருவன் ஏன் ஒரே ஊரில் வங்கிக் கொள்ளையரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அவர் கேட்டார். அநீதி என்றால் சொத்துத் திருட்டு, நன்மை என்றால் தானதர்மம் என்று அந்தக் கதைகள் சுருக்கிவிடுகின்றன என்பது அவர் வாதம். அவர் காலத்துச் சூப்பர்மேனுக்கு இது பொருந்தும். ஆனால் 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்த முதல் சூப்பர்மேன் அப்படியில்லை. முதல் இதழிலேயே மனைவியை அடிப்பவனைத் தடுக்கிறான், நிரபராதிப் பெண்ணை மரண தண்டனையிலிருந்து மீட்கிறான், வாஷிங்டனில் அரசியல்வாதியின் பேரத்தைக் கண்டுபிடிக்கிறான். மூன்றாம் இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியை அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்து, தொழிலாளியின் அச்சத்தை உணரச் செய்கிறான். பொருளாதார மந்தத்தில் துன்பப்பட்ட நாட்டின் கதை அது. பிற்காலத்தில் வியாபாரம் அவனைச் சாதுவாக்கியது என்பது உண்மை. அதற்கு இந்த வகைமையைக் குறைசொல்ல முடியாது.

மீட்பரை எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் பழக்கத்தை இக்கதைகள் வளர்க்கின்றன என்பாரும் உண்டு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் நான்கு, ஆறு வயதுக் குழந்தைகள் 180 பேருக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். விருப்பம்போல நிறுத்திவிட்டு விளையாடலாம். பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகத் தம்மைப் பாவித்துக்கொண்ட குழந்தைகளே அதிக நேரம் வேலையில் நீடித்தார்கள். அந்தப் பாத்திரங்களில் சூப்பர் ஹீரோ அல்லாதவர்களும் இருந்ததால் இதைப் பேட்மேனின் தனிப்பெருமையாகக் கொள்ள முடியாது. இன்னொருவராக நின்று தன்னைப் பார்ப்பது விடாமுயற்சிக்கு உதவுகிறது என்பது வரை சொல்லலாம். பெரியவர்களும் இத்தகைய பாத்திரங்களைத் துணைக்கொண்டு தாமே செயல்பட்டிருக்கிறார்கள். நியூஜெர்சியின் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான் 2014-இல் மிஸ் மார்வெலாகத் தனி இதழ் பெற்றாள். 2015-இல் சான் பிரான்சிஸ்கோ பேருந்துகளில் முஸ்லிம்களை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் வந்தபோது, சிலர் அவற்றின் மேல் கமலாவின் படத்தை ஒட்டி மறைத்தார்கள். அவள் வந்து காப்பாற்றுவாள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

வீட்டில் பிள்ளை காமிக்ஸ் வைத்திருந்தால் அதைப் பிடுங்குவதற்கு முன் ஒருமுறை வாங்கிப் படித்துப் பாருங்கள். எந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி புரட்டுகிறாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பறக்கும் பக்கமாக இருக்காது.